சிஸ்டம் கான்ஃபிக் செக் பண்றப்ப நம்மாளுங்க கோட்டை விடுற எடங்க

பழைய லேப்டாப்போ பிசியோ வாங்க போறவங்க கேக்குற மொத கேள்வியே "ஐ5ஆ ஐ7ஆ"ன்றதுதான், அதாவது இன்டெல் ப்ராசஸர் எந்த வகைன்னு. விக்கிறவருக்கும் அது நல்லா தெரியும், அதனால அதை மட்டும் சத்தமா சொல்லிட்டு மிச்சத்த முழுங்கிடுவாரு. பர்மா பஜார்ல வாங்கினாலும் சரி பெரம்பூர்ல தெரிஞ்ச பையன்கிட்ட வாங்கினாலும் சரி, "ஐ7 பா, 16 ஜிபி பா, வேற இன்னா வேணும் உனக்கு"ன்னு கேட்டா உடனே மண்டைய ஆட்டாதீங்க, அது எந்த ஜெனரேஷன், அதாவது எத்தனாவது தலைமுறை ப்ராசஸர்னு கேளுங்க. ஐ5-7200யு 2016ல வந்தது, ரெண்டே கோர், அதாவது உள்ள வேல செய்யற மூளை ரெண்டுதான். அடுத்த வருஷமே வந்த ஐ5-8250யுல நாலு கோர். ரெண்டு மேலயும் ஒட்டியிருக்கறது ஐ5 ஸ்டிக்கர்தான், ஆனா விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஏத்துக்கறது ரெண்டாவத மட்டும்தான், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட்டும் முடிஞ்சு போச்சு. டெஸ்க்டாப்லயும் இதே கததான், 2011ல வந்த ஐ7-2600ஐ விட 2022ல வந்த ஐ3-12100 நல்லாவே ஸ்பீடு. காலேஜ் போற பசங்களுக்கு வாங்கறவங்க இதுலதான் அதிகம் மாட்டுறாங்க.

அடுத்தது, விக்கிறவர் காட்டுற ஸ்கிரீன அப்படியே நம்புறது. ஸ்டிக்கர யார் வேணா ஒட்டலாம், செட்டிங்ஸ்ல தெரியுற மாடல் பேர கூட மாத்தி எழுத முடியும். சிபியு-இசட்ன்ற ப்ராசஸர் வெவரம் காட்டுற சாஃப்ட்வேர ஒரு பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு போங்க, இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும், நேரா சிப்கிட்டயே கேட்டு சொல்லிடும். ஓட்ட வேணாம்னு யாராவது தடுத்தா பேசாம கெளம்பிடுங்க.

ராம் எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு நிறுத்திடறாங்க. விண்டோஸ்லயே இருக்கற டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போயி மெமரிய தொட்டா எத்தன ஸ்லாட் ரொம்பியிருக்கு, எந்த ஸ்பீடுல ஓடுதுன்னு எல்லாமே தெரியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல ஒரே 8 ஜிபி குச்சிய விட ரெண்டு 4 ஜிபி குச்சி இருந்தா கேம் நல்லா ஓடும். ஆனா என்ன கேட்டா ராம விட டிஸ்க்தான் முக்கியம், ஹார்ட் டிஸ்க் போட்ட ஐ7ஐ விட எஸ்எஸ்டி போட்ட ஐ3 சட்டுனு தொறக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்ற டிஸ்க் செக் பண்ற சாஃப்ட்வேர்ல ஹெல்த்தும் பவர் ஆன் ஹவர்ஸும் (மொத்தம் எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு) பாருங்க. மஞ்ச கலர் காட்டுச்சுனா அந்த டிஸ்க்குக்குனு காசு குடுக்காதீங்க, புதுசு போடற செலவ வெலைல கழிச்சு பேசுங்க.

கிராஃபிக்ஸ்லதான் பெரிய கூத்தே. "4 ஜிபி கிராஃபிக்ஸ்"ம்பாங்க, உள்ள போயி பாத்தா தனி கார்டே இருக்காது, 8 ஜிபி ராம்ல பாதிய ஷேர்டுன்னு விண்டோஸ் காட்டுற கணக்கத்தான் சொல்லியிருப்பாங்க. டாஸ்க் மேனேஜர்ல டெடிகேட்டட், ஷேர்டுன்னு தனித்தனியா போட்டிருக்கும், கார்டுக்குன்னே தனியா இருக்கற டெடிகேட்டட்ட மட்டும் பாருங்க. இன்னொரு வகை, பழைய கார்டுக்குள்ள இருக்கற பயாஸ்ன்ற சாஃப்ட்வேர மாத்தி புது கார்டு பேர ஏத்தி விக்கறது. அந்த மாதிரி கார்டுல பலத ஜிபியு-இசட்ன்ற கார்டு செக் பண்ற சாஃப்ட்வேர் ஃபேக்னே போட்டு காட்டிடும்.

பெர்ஃபார்மன்ஸ் செக் பண்றேன்னு ரெண்டு நிமிஷம் யூட்யூப் ஓட்டி பாக்கறது வேஸ்ட். ப்ராசஸருக்கு முழு வேல குடுத்து ஸ்கோர் போடற சினிபெஞ்ச்ச பத்து நிமிஷம் ஓட விட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோன்ற இன்னொரு சாஃப்ட்வேர்ல சூட்ட பாருங்க. 100 டிகிரி கிட்ட போயி ப்ராசஸர் ஓடற கிளாக் ஸ்பீடு, கம்பெனி சொன்ன பேஸ் ஸ்பீடுக்கும் கீழ எறங்கிச்சுனா உள்ள தூசி அடைச்சிருக்கு, இல்லனா ப்ராசஸர் சூட்ட கடத்துற பேஸ்ட் காஞ்சு போயிருக்கு. கடைல ஏசிக்குள்ள டெஸ்ட் பண்ணிட்டு ஸ்கோர் சூப்பர்னு தூக்கிட்டு வருவாங்க, அதே மெஷின் மே மாசம் வியாசர்பாடில ஷீட் போட்ட மாடி ரூம்ல ஓடறப்ப தெரியும் சங்கதி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா வீடுன்னா கன்டெய்னர் லாரி கெளப்புற தூசி ஃபேன்ல சீக்கிரமே அடையும், காசிமேடு பக்கம் உப்புக்காத்துல போர்ட்டெல்லாம் துருபுடிக்கும், அதனால யுஎஸ்பி ஒவ்வொண்ணுலயும் பென்டிரைவ சொருகி பாத்துடுங்க. லேப்டாப்ப சார்ஜர் போடாம டெஸ்ட் பண்ணிட்டு ஸ்லோன்னு முடிவு பண்றதும் தப்பு, பேட்டரில பவர கொறச்சுதான் ஓடும். ஆன் பண்ண உடனே டெஸ்ட் பண்றதும் அப்படித்தான், பின்னாடி அப்டேட் ஓடிட்டிருக்கும்.

தனி கார்டு போட்டுட்டு மானிட்டர் கேபிள கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகி வெச்சிருக்கறது, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவ படம் மாத்தற) மானிட்டர் வாங்கி செட்டிங்ஸ்ல 60லயே விட்டிருக்கறது, இதெல்லாம் நெறைய வீட்ல நடக்குது, சரி பண்றது ஒரு நிமிஷ வேல.

1 டிபி டிஸ்க் 931 ஜிபின்னு காட்டுதேன்னு மட்டும் கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, அவ்ளோதான். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ்னு யாராவது நீட்டினா அங்க போடுங்க சண்டைய. வாங்கியே தொலைச்சிருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூன்ற சாஃப்ட்வேர ஓட விடுங்க, முழுசா எழுதி திரும்ப படிச்சு பாத்து உண்மையிலயே எவ்ளோ ஜிபின்னு சொல்லிடும்.