சேற்றில் நேராக ஓடாத ஜீப்

தண்டையார்பேட்டை வீட்டில், எல்இடி டிவியில் எமுலேட்டர் (பழைய கேம் கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள்) போட்டு 90களின் பிளேஸ்டேஷன் ஜீப் ரேஸ் ஒன்று ஆடுகிறேன். சுமாரான கேம்தான். மண், சேறு, பாறை எல்லாமே ஒரே வழுக்கல். பக்கத்து வண்டி உரசினாலே குப்புற விழும். ஆனாலும் ரொம்பப் பிடிக்கும்.

எரிச்சல் என்னவென்றால், வளைவில் வண்டி தாமதமாகத் திரும்பும், சேற்றில் நேராகவும் ஓடாது. டிவியில் 'கேம் மோடு' போட்டதும் பாதி சரியானது. படத்தை மெருகேற்றும் வேலையை டிவி குறைத்துக்கொள்வதால் தாமதமும் குறைகிறது. பழைய பிக்சர் டியூப் டிவியில் இந்தத் தொல்லையே கிடையாது.

மீதி, கண்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் அனலாக் குச்சியால் வந்தது. அந்தக் குச்சி உள்ள பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரான டூயல்ஷாக் வந்ததே 1997 கடைசியில்; அதற்கு முந்தைய பல கேம்களுக்கு அம்புக்குறி பட்டன்தான் தெரியும். குச்சியை லேசாகச் சாய்த்தாலும் முழுத் திருப்பமாகத்தான் போகும். பட்டனுக்கு மாறி, அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டித் திருப்புங்கள். வளைவுக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். சேற்றில் வண்டி இப்போது நேராகப் போகிறது. பாறையில் இன்னும் கவிழ்கிறது. அது கேமிலேயே உள்ள குறை.