கிட்டாருக்கும் குரலுக்கும் குறைந்த விலை எஃபெக்ட்ஸ் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கிட்டாரின், குரலின் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் கருவியை வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். இத்தனை எஃபெக்டுகள், இத்தனை ஆம்ப் (ஒலிபெருக்கி) மாதிரிகள், இத்தனை பேட்ச்சுகள் (சேமித்துவைத்த ஒலி அமைப்புகள்) என்று அட்டைப் பெட்டியின் நெற்றியிலேயே அச்சடித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டுக் கருவியைக் கையில் வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து கிட்டாரையும் பாட்டையும் பதிவு செய்ய நினைப்பவருக்கு, அங்கே இருக்கும் ஜாக்குகள் சொல்லும் செய்தி அந்த எண்களைவிடப் பெரியது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். தொடக்கத்தில் பழைய கருவி ஒன்றை வாங்கினேன். கிட்டார் அதில் அருமையாகப் பேசியது. பாடுவதற்கும் அதுவே போதும் என்று எண்ணி, மைக் கேபிளின் முனையில் ஒரு மாற்றுப் பின்னைச் செருகிப் பாடினேன். குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. உள்ளே வரும் ஒலியை உயர்த்தும் கெயின் குமிழை முழுவதும் திருப்பினேன். குரலோடு சேர்ந்து, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சலும் ஏறியது. கருவியில் பழுது ஒன்றும் இல்லை. மைக்கை வாங்கிக்கொள்ள அதில் வழியே இல்லை, அவ்வளவுதான்.

காரணம் எளிது. சாதாரண டைனமிக் மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் அளவுதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து நூறு மில்லிவோல்ட்டுக்கும் மேல் வரும். ஆகவே மைக்குக்கு, அந்தச் சிறு மின்னழுத்தத்தை முதலில் உயர்த்தித் தரும் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். கிட்டாருக்கு வேறொரு தேவை உண்டு. அதைச் செருகும் உள்ளீட்டின் மின்தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் பிக்கப்பின் சக்தி அங்கேயே வடிந்து, மெல்லிய கம்பிகளின் துலக்கம் மங்கிவிடும். தோற்றத்தில் ஒரே ஜாக்தான், உள்ளே இரண்டும் வெவ்வேறு.

முதல் படி: உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். கிட்டார் எலெக்ட்ரிக்கா, அகூஸ்டிக்கா? அகூஸ்டிக் என்றால் பிக்கப் பொருத்தியதா? மைக் டைனமிக்கா, கண்டென்ஸரா? கணினி இருக்கிறதா, கைபேசி மட்டும்தானா?

பிக்கப் இல்லாத அகூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவருக்கு எஃபெக்ட்ஸ் கருவியே வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரு நல்ல மைக்கும் வாங்குங்கள். கிட்டார், குரல் இரண்டையும் அதே மைக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியலாம். கண்டென்ஸர் மைக் என்றால் பெரும்பாலும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவைப்படும். அந்தப் பொத்தான் இல்லாத கருவியில் அந்த மைக் ஊமையாக இருக்கும்.

இரண்டாம் படி: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். பாஸ் (BOSS) ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் போன்றவை கிட்டாருக்கென்றே செய்தவை. பாஸ் விஇ-8, டிசி ஹெலிகான் ப்ளே அகூஸ்டிக் போன்றவற்றில் மைக்குக்கும் கிட்டாருக்கும் தனித்தனி உள்ளீடு உண்டு. ஆனால் அவை மேடையில் தனியாகப் பாடி வாசிப்பவரை மனத்தில் வைத்துச் செய்தவை, விலையும் கூட. மூன்றாவது வகை, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2 போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக் ப்ரீஆம்ப், கிட்டாருக்கான உள்ளீடு இரண்டும் அதில் இருக்கும். எஃபெக்ட் மட்டும் கணினியின் மென்பொருளிலிருந்து வரும்.

வீட்டில் பதிவதுதான் நோக்கம் என்றால் மூன்றாவது வழியில் தொடங்கச் சொல்வேன். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் என்ற பதிவு மென்பொருள் இலவசம். ரீப்பர் என்ற இன்னொரு பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். கிட்டார் ஆம்ப் ஒலிக்கு நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது. காலால் மிதித்து வாசிக்கும் பழக்கம் வேண்டும், கணினியைத் திறக்காமலும் பயிற்சி செய்ய வேண்டும் என்றால் பிறகு ஒரு கிட்டார் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: யு.எஸ்.பி. எதற்கு என்று கேளுங்கள்

பலர் ஏமாறும் இடம் இது. யு.எஸ்.பி. ஜாக் இருப்பதாலேயே அதன் வழியாக ஒலி கணினிக்குப் போய்விடாது. பாஸ் ஜிடி-1 ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஜூம் ஜி1 ஃபோரில் உள்ள யு.எஸ்.பி. எஃபெக்டுகளைச் சேர்க்கவும் உள் மென்பொருளைப் புதுப்பிக்கவும் மட்டுமே. அதுவும் நல்ல கருவிதான். பதிவு செய்ய இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள். கடைக்காரரிடம் “யு.எஸ்.பி. இருக்கிறதா” என்று கேட்காமல், “யு.எஸ்.பி. வழியாக ஆடியோ பதிவாகுமா” என்று கேளுங்கள்.

நான்காம் படி: கடையில் காதால் சோதியுங்கள்

சொந்த கிட்டார், சொந்த கேபிள், காதை மூடும் ஹெட்போன் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடையின் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லாக் கருவியும் இனிக்கும்.

முதலில் இரைச்சலை வெட்டும் நாய்ஸ் கேட்டை அணையுங்கள். கிட்டாரின் வால்யூமைச் சுழியத்தில் வைத்து, அதிக டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) உள்ள பேட்ச் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். அப்போது கேட்கும் இரைச்சல் கருவியின் சொந்த இரைச்சல். பிறகு வால்யூமை ஏற்றி, மூன்றாவது கம்பியில் ஒரே ஒரு சுரத்தை மீட்டி, கையை எடுக்காமல் கடைசிவரை கேளுங்கள். ஒலி மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். முடியும் இடத்தில் பொரிவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டாலோ, சட்டென்று அறுந்தாலோ அந்த பேட்ச்சை ஒதுக்குங்கள். எல்லா பேட்ச்சிலும் அப்படியே என்றால் கருவியையே ஒதுக்குங்கள்.

அடுத்து, கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைத்தும் போட்டும் பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். நேரடியாகப் பதியும்போது ஸ்பீக்கர் இல்லை, அதனால் டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம்போல் காதைக் குத்தும். ஸ்பீக்கர் செய்யும் அந்த வேலையைக் கேபினெட் சிமுலேஷன் செய்கிறது. இந்த வசதி இல்லாத கருவி பதிவுக்கு உதவாது.

ஐந்தாம் படி: அடாப்டர்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் செருகிவிடாதீர்கள், முனை மாறினால் கருவி போய்விடலாம். ஜாக்கின் அருகிலும் அடாப்டரிலும் உள்ள கூட்டல், கழித்தல் படம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மில்லிஆம்பியர் அளவு கருவி கேட்பதைவிடக் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது.

ஆறாம் படி: முதல் பதிவு

கிட்டாரை எஃபெக்ட்டோடு பதியலாம். டிஸ்டார்ஷனும், ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் டிலேயும் விரல் வாசிக்கும் விதத்தையே மாற்றுபவை, அந்த உணர்வோடு வாசிப்பதுதான் சரி. குரல் அப்படி இல்லை. எதுவும் சேர்க்காத குரலையே பதியுங்கள். ஒருமுறை பாட்டு ஒன்றை ரிவெர்ப்போடு (பெரிய கூடத்தில் பாடியதுபோன்ற எதிரொலி) பதிந்துவிட்டேன். கிட்டாரைச் சேர்த்தபோது வரிகள் மூடுபனிக்குள் போனதுபோல் ஆயின. பாலில் கரைந்த சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? மீண்டும் பாடினேன். முதல் நாள் அந்தச் சரணத்தில் தானாக வந்த குழைவு மறுபடி வரவேயில்லை. பாடும்போது ரிவெர்ப் கேட்டால்தான் தைரியம் வரும் என்றால் ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ் போதும். உரக்கப் பாடும் வரியில் அளவுமானி மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் சரி. பாடுவது ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலிச் சாம்பிள்களின் எண்ணிக்கை) குறைக்க வேண்டும். 1,024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 23 மில்லிவினாடி. காற்றில் ஒலி ஏறத்தாழ எட்டு மீட்டர் கடக்கும் நேரம் அது, தாளம் நழுவிவிடும். 128 என்றால் 3 மில்லிவினாடிகூட ஆகாது. கணினி திணறி ஒலி வெடித்தால் 256க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள், பக்கத்து அறையில் குக்கர் வைக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் சுவரின் எதிரொலி பெருமளவு அடங்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

பதிந்து முடித்ததும் கேபிளைக் கழற்றும் முன், பேட்ச்சைப் பாட்டின் பெயரிலேயே சேமித்துவிடுங்கள். எந்த பிக்கப், கிட்டார் வால்யூம் எத்தனையில் இருந்தது, மைக்கின் கெயின் குமிழ் எங்கே நின்றது என்பதை நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு வரியை மட்டும் நாளை திரும்பப் பாட வேண்டிவந்தால், அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அதே குரலைப் பிடிக்க முடியும்.