ட்ரெல்லோவில் ஒரு பட்டியல் கூட்டினோம்

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு மாடுலர் கிச்சன் பட்டறை. பிளைவுட் கோவையிலிருந்து வாளையார் வழியாக வரும். வேலை பாலக்காடு, திருச்சூர்ப் பக்கம். ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக்கிப் பட்டியல்களில் அடுக்கும் செயலியான ட்ரெல்லோவில் எல்லாவற்றையும் போட்டிருந்தும், கார்டுகள் ‘நடக்கிறது’ பட்டியலிலேயே குவிந்தன. எது ஓடுகிறது, எது முடங்கிக் கிடக்கிறது என்று தெரியவில்லை.

சரி என்று ‘காத்திருப்பு’ என்றொரு பட்டியல் திறந்தேன். அங்கே போகும் கார்டின் தலைப்பிலேயே காரணம் இருக்க வேண்டும்: கீல் வரவில்லை, வீட்டுக்காரர் நிறம் சொல்லவில்லை. அப்புறம், கார்டுக்கு ஒரே பொறுப்பாளர். இரண்டு பேரைச் சேர்த்தால் மற்றவர் பார்ப்பார் என்று இருவருமே இருந்துவிடுவார்கள், நம் ஆட்கள்தானே! கெடு நெருங்கினால் தேதி மஞ்சளாகும், தாண்டினால் சிவப்பு. ஓணத்துக்கு ஆசாரிமார் ஊருக்குப் போய்விடுவதால் அந்த வாரம் கெடுவே வைப்பதில்லை. வேலைகளைக் காலவரிசையில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட் எங்கள் அளவுக்குத் தேவைப்படவில்லை. காலையில் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் யாருக்குப் போன் போடுவது என்று முடிவு செய்கிறேன்.