முதுகு வலி போயிருச்சு சேர், எறியவா?

சித்திரை லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கிறவுண்டில், மழைக்கு முன்னால் கிடைத்த ஒரு மணி நேரத்தில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையில் கிளவ்வை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று இப்படிக் கேட்டான். மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் இடது இடுப்புக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு வளைந்து நின்றவன்.

இதே கேள்வியை 2005இல் நானும் கேட்டேன். அப்போது எனக்கு 17 வயது. "எறி" என்று பதில் வந்தது. எறிந்தேன். பதினான்கு மாதம் போனது.

நான் டொக்டர் இல்லை. ஹட்டன் பக்கத்தில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்குகிற ஒரு பழைய பிட்சர் (அடிக்கிறவனுக்குப் பந்து எறிகிறவன்), அவ்வளவுதான். பேஸ்போல் என்றதும் நம் ஊரில் பாதிப் பேர், இங்கே ஆடுகிற பந்தடி விளையாட்டை நினைத்து, "எல்லேயா?" என்பார்கள். தியகமவில் பெரிய மைதானம் இருக்கிறது என்றால் மீதிப் பேர் அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள நம்ம டயகமவை நினைத்துக்கொள்வார்கள். ஜப்பான் உதவியில் 2012இல் திறந்த மைதானம் ஹோமாகம பக்கத்துத் தியகமவில். நம் டயகமவில் அட்டைக்கடிதான் கிடைக்கும்.

வோர்ம் அப் செய், தண்ணீர் குடி, கிழிந்த சப்பாத்தைப் போடாதே என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை எல்லா சேர்மாரும் சொல்லிவிட்டார்கள். பந்து எறிகிற பிள்ளைகளின் முதுகு வலியில் நாம் விடுகிற பிழைகளில், யாரும் சொல்லாமல் விடுகிறவை மட்டும் இங்கே.

எல்லா வலிக்கும் "நரம்பு பிடிச்சிருக்கு" என்பது

லயத்தில் முதுகு வலிக்கு ஒரே பெயர்தான். பந்து எறிகிறவனுக்கு அது போதாது. குனியும்போதும் இருமும்போதும் வலித்து, பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கரன்ட் மாதிரி இறங்கினால் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருக்கலாம். நல்லதண்ணியில் நின்று சிவனொளிபாத மலை உச்சியை அண்ணாந்து பார்க்கிற மாதிரிப் பின்னால் வளையும்போது இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தினால், வளரும் பிள்ளைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலும்பு விரிசலை. நடு முதுகிலும் வரலாம். அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர் மைக் ட்ரவுட் 2022இல் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தது, விலா எலும்பு முதுகெலும்போடு சேருகிற இடத்தில் வந்த கோளாறால்.

விரிசல் விழுகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுக்கமான எலும்புப் பாலம் ஒன்று இடதும் வலதுமாக இருக்கிறது. பிட்சர் முன்காலை ஊன்றும்போது இடுப்பு திரும்பிவிடும், தோள் இன்னும் பின்னால் நிற்கும், உடம்பு பின்னால் வளைந்திருக்கும். அந்த முறுக்கின் பெரும்பகுதி இடுப்பின் கடைசி முள்ளெலும்பான ஐந்தாவதில், அந்தப் பாலத்தின் மேல் இறங்கும். இடுப்பு முள்ளெலும்பு ஒவ்வொன்றும் ஓரிரு பாகைக்கு மேல் திரும்பாது. தொடை மூட்டும் மேல் முதுகும் இறுகிக் கிடந்தால், அவை திரும்ப வேண்டிய பங்கையும் அதனிடமே கேட்கிறோம். வலக்கையால் எறிகிறவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் போகும். ஒரு பந்தில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான பந்தில் கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற மாதிரி.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மைதானத்துக்கு ஓடுவது

ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்புக்குள் வீக்கம் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ காட்டும், கோடு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சி.டி. காட்டும். அதற்குக் கண்டிக்குப் போக வேண்டும், திகதி எடுக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும், தெரியும். பந்து எறிகிற பிள்ளைக்குப் பின்னால் வளைந்தால் வலி என்று டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். "முதுகு வலி" என்று மட்டும் சொன்னால் அவர் கரட் மூட்டை தூக்கின முதுகு என்றுதான் நினைப்பார்.

முதுகில் ஆளை ஏற்றி மிதிக்க விடுவது

வேண்டாம்.

வலி போனதை எலும்பு சேர்ந்ததாக எண்ணுவது

என் பதினான்கு மாதம் போனது இதில்தான்.

முதல் விரிசலை டொக்டர் ஒழுங்காகத்தான் கண்டுபிடித்தார். இடப்பக்கம், ஆரம்ப நிலை. மூன்று மாதம் எறியக் கூடாது, பெட் பிடிக்கக் கூடாது, ஓடக் கூடாது என்றார். வீட்டுக் கலண்டரில் அம்மா சிவப்புப் பேனையால் அந்தத் திகதியை வட்டம் போட்டு வைத்தார். நான்காவது வாரம் காலையில் எழும்பினால் வலி இல்லை. தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன், இல்லை. பின்னால் வளைந்து பார்த்தேன், இல்லை. அன்றைக்கே என் மனதில் அந்தச் சிவப்பு வட்டம் அழிந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் ஒரு மெட்ச். அணியைப் பார்த்துக்கொண்டவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வலி இருக்கா?" இல்லை என்றேன். அது பொய்யில்லை. காலையில் இரண்டு பனடோல் போட்டதைச் சொல்லவில்லை. அது பொய். முதல் இரண்டு இனிங்ஸ் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில், முன்கால் ஊன்றுகிற இடத்தில் ஈர மண் குழியாகிவிட்டிருந்தது. ஊன்றினேன், கால் இரண்டு அங்குலம் கூடுதலாக இறங்கியது, உடம்பு அதற்குள் திரும்பிவிட்டது. இந்த முறை வலப்பக்கம். பந்து அடிக்கிறவன் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கினிகத்தேனை வளைவு ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹட்டன் வரை நின்றே வந்தேன்.

மறுபடி படம் எடுத்தபோது பழைய இடப்பக்கம் சேரவே இல்லை, வலப்பக்கம் புதிதாக விரிசல். இரண்டு பக்கப் பாலமும் போனால் முள்ளெலும்பைப் பின்னால் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, அது முன்னால் நழுவத் தொடங்கலாம். எனக்கு நழுவவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியாது. 17 வயதுக்கும் 19 வயதுக்கும் நடுவில்தான் பிட்சருக்கு வேகம் ஏறும். அந்தக் காலம் முழுக்க நான் இடுப்பில் இறுக்கிய பட்டியோடு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது, வலி ஏன் முதலில் போகிறது என்று யாரும் ஒரு வரி சொல்லவில்லை என்பதில்தான். லயத்துப் படிக்குச் சீமெந்து போட்டால் மறுநாள் மேலே காய்ந்து வெள்ளையாக இருக்கும். மூட்டையோடு ஏறினால் அமுங்கும். எலும்பும் அப்படித்தான். ஓய்வு கொடுத்த சில வாரத்தில் வீக்கம் வற்றும், வலி அந்த வீக்கத்தோடு போய்விடும். பழைய எலும்பை அரித்துப் புதிதைக் கட்டுகிற வேலை உள்ளே மெதுவாக மாதக்கணக்கில் நடக்கிறது. அதற்கு வலியும் இல்லை, சத்தமும் இல்லை. விரிசல் சேராமலேயே வலி நின்றுபோகிறதும் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் இந்த விரிசலோடு நடமாடுகிறார்கள், பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஆகவே வலியைக் கேட்டால் எலும்பைப் பற்றிப் பதில் கிடைக்காது.

ஆரம்ப நிலையில் பிடித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே குணமாகும். முதலில் எறிவது, அடிப்பது, ஓடுவது எல்லாம் நிற்கும், சிலருக்கு இடுப்புப் பட்டி கொடுப்பார்கள். அடுத்து பிசியோதெரபி: வயிற்றையும் பக்கவாட்டையும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி, பின்தொடைத் தசையை நீட்டுவது, தொடை மூட்டையும் மேல் முதுகையும் திருப்பப் பழக்குவது. அதற்குப் பிறகுதான் பந்து. 14 மீற்றர் தூரத்தில் தொடங்கி, 18, 27, 36 என்று கூட்டி, ஒவ்வொரு தூரத்திலும் மறுநாள் முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்து, கடைசியில்தான் பிட்சர் நின்று எறிகிற மேட்டில் ஏறுவது. முழு வேகத்துக்கு வர ஐந்தாறு மாதம் எடுப்பது சாதாரணம். மாதக்கணக்கில் இப்படிச் செய்தும் வலி அடங்காத சிலருக்குத்தான் விரிசலை ஆணி போட்டு இறுக்குகிற அறுவைச் சிகிச்சை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பெட் கமின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில். நடுவில் முதுகு முறிவும் மற்றக் காயங்களும். அவ்வளவு டொக்டர்மார் சுற்றி நின்ற ஆளுக்கே அப்படி.

ஓய்வு என்றால் விளையாட்டை மட்டும் நிறுத்துவது

எறியவா என்று கேட்ட பையனின் அம்மாவிடம் மறுநாள் பேசினேன். "பந்தையே தொடல சேர், வீட்டோடதான் இருந்தான்" என்றார்.

"வீட்டுல என்னக்கா செஞ்சான்?"

கேஸ் சிலிண்டரை ரோட்டிலிருந்து மேல் லயத்துக்குத் தூக்கி வந்திருக்கிறான். 12.5 கிலோ கேஸ், இரும்பின் எடை தனி, படி நூற்றுக்கு மேல். விறகு இரண்டு கட்டு. லீவில் மாமாவின் தோட்டத்தில் மூன்று நாள் கரட் மூட்டை ஏற்றினான். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அதையெல்லாம் செய்ய வேறு ஆள் இல்லை. டொக்டர் சொன்ன ஓய்வு மெத்தை போட்ட வீட்டுக்காரர்களின் ஓய்வு. நம் பக்கத்தில் "என்ன தூக்கக் கூடாது, எவ்வளவு நாளைக்கு" என்று பொருள் பொருளாகக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பெல்ட் கட்டிக்கொண்டு எறிவது

கடையில் வாங்கின பட்டி கட்டினதால் எறியலாம் என்று நினைப்பவனுக்கு எதுவும் சொல்ல முடியாது.

ஊசி போட்டால் ஆடலாம் என்பது

வட்டு பிதுங்கியவர்களுக்கு முதுகெலும்பைச் சுற்றி ஸ்டீரொய்ட் ஊசி போடுவது உண்டு. அமெரிக்க பிட்சர் கிளேட்டன் கேர்ஷோவுக்கு 2016இல் அப்படிப் போட்டார்கள். ஜூன் கடைசியில் நின்றவர் செப்டெம்பர் 9இல்தான் மறுபடி எறிந்தார். ஊசி வீக்கத்தைக் குறைத்துச் சிகிச்சைக்கு வழி விடும். மெட்சுக்கு முதல் நாள் ஊசிக்கு ஆள் தேடுகிறவர்கள் இந்த இரண்டரை மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மெட்ச் பந்தை மட்டும் எண்ணுவது

அமெரிக்காவில் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில் 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. 30 வரை எறிந்தால் ஓய்வு தேவையில்லை, 61 முதல் 75 வரை என்றால் மூன்று நாள் ஓய்வு, 75ஐத் தாண்டினால் நான்கு நாள். அது கைக்காக எழுதியது, முதுகுக்கும் உதவுகிறது. நம் பிள்ளைகள் காலையில் 60 பந்து எறிந்துவிட்டு, மத்தியானம் ஸ்கூல் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டு, சித்திரை வருடப் பிறப்புக்கு எல்லேயும் ஆடுவார்கள். முதுகுக்கு எல்லாம் ஒரே கணக்கு. லயத்துக்கு முன்னால் ரோட்டில் பள்ளத்தைப் பார்த்து எறிகிறதையும் சேர்த்து எண்ண வேண்டும், முன்கால் தாழ்வில் போய் ஊன்றும்போது இடி கூடும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

சிறுநீர் போக முடியாமல் இருந்தால், இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும் வேன் பிடித்து. காய்ச்சலோடு முதுகு வலி, இரவில் படுத்தால் கூடுகிற வலி, மெலிந்து போவது என்றால் விளையாட்டுக் காயம் என்று முடிவு கட்டாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு அன்றைக்கு நான் பந்து கொடுக்கவில்லை. அவன் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை. கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐயில் இடப்பக்கம் வீக்கம் இருந்தது, கோடு இன்னும் விழவில்லை. சிலிண்டரை இப்போது பக்கத்துக் காம்பராக்காரர் தூக்கிக் கொடுக்கிறார். போன சனிக்கிழமை அவன் வந்து, என் பழைய வேலையை எடுத்துக்கொண்டான். கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு பந்தையும் எண்ணினான். மேட்டில் நின்ற பெரிய பையன் இன்னும் ஒன்று என்று கை நீட்டியபோது பந்தைக் கொடுக்காமல் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அறுபத்தொண்ணு ஆச்சு அண்ணே. இனி புதன்கிழமைதான்."