போல்ட் ஆக்ஷன் ரைஃபிளைப் படிப்படியாக மேம்படுத்துவது எப்படி

போல்ட் ஆக்ஷன் ரைஃபிள், அதாவது போல்ட் என்ற உலோகத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரைஃபிள், குறி தப்புகிறது என்ற எண்ணம் வந்தவுடன் புதிய ட்ரிகர், புதிய கட்டை (தோளில் வைக்கும் உடற்பகுதி), புதிய குழல் என்று பட்டியல் போடத் தொடங்குவது எல்லோருக்கும் இயல்புதான். ஆனால் முதலில் செய்ய வேண்டியது, எதையும் வாங்காமல் அந்த ரைஃபிள் இப்போது எப்படிச் சுடுகிறது என்று அளந்து பார்ப்பது. உறுதியான மணல்மூட்டையின் மேல் வைத்து, ஒரே தொகுதி எண்ணுள்ள தோட்டாக்களைக் கொண்டு, 100 மீட்டரில் ஐந்து ஐந்தாக நான்கு முறை சுட்டு, ஒவ்வொரு தாளிலும் தேதியையும் தோட்டாவின் வகையையும் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்று குண்டுகளைச் சுட்டு அவை நெருக்கமாக விழுந்ததை வைத்து ரைஃபிளைப் பாராட்டுவதும், அகலமாக விழுந்ததை வைத்துப் பழிப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். மூன்று என்பது தற்செயலுக்கு அதிக இடம் தரும் எண்ணிக்கை. சிதறலைக் கோண அளவில் சொல்வது வழக்கம்: ஒரு கோண நிமிடம் என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். இந்த அடிப்படை அளவு கையில் இல்லாதவர், பிறகு எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது உதவியதா என்பதை அறியவே முடியாது.

அடுத்ததாக, தோட்டாவை மாற்றிப் பார்க்க வேண்டும். குழலின் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பது, எந்த நீளமுள்ள குண்டை அந்தக் குழல் நிலைப்படுத்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. 223 ரெமிங்டன் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் ரைஃபிளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல், 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையளவு) குண்டை நன்றாகவே கையாளும். அதைவிட நீளமான 77 கிரெயின் குண்டை அதில் போட்டால் அது தள்ளாடிப் பறந்து, தாளில் வட்டமான துளைக்குப் பதில் நீள்வட்டத் துளை விழும். இந்த ரைஃபிளுக்கு எத்தனை விலையுயர்ந்த கட்டை போட்டாலும் பயனில்லை. சில பெட்டிகள் வேறு தோட்டா வாங்கிச் சோதித்த பிறகு, பாகம் மாற்றும் ஆசையே பலருக்குத் தணிந்துவிடுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகள். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகுதான் ரைஃபிளை மேசையில் வைக்க வேண்டும். வேலை நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேலும், பல நாடுகளில் குழல், ரிசீவர் (குழல் பொருந்தி, போல்ட் ஓடும் உலோகக் கூடு), போல்ட் ஆகியவை தனித்தனியாகவே உரிமத்துக்கு உட்பட்டவை. குழல்முனையில் பொருத்தும் கருவிகளுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

திருகாணிகள்

மேம்பாட்டிலேயே மிகவும் மலிவானதும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணிகள், ஸ்கோப் என்ற குறிநோக்கியைத் தாங்கும் அடித்தளத்தின் திருகாணிகள், அதைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணிகள் ஆகிய மூன்று கூட்டத்தில் ஒன்று தளர்ந்தால் போதும், குண்டுகள் நாலாபுறமும் விழும். கைக்கணக்கில் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டைக்குப் பதிலாகப் பொருத்தும் அலுமினியச் சட்டகத்தில் ரிசீவர் திருகாணிகளுக்கு 7.3 நியூட்டன் மீட்டர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. உள்ளே உலோகத் தூண் இல்லாத மரக்கட்டையில் அதே அளவு மரத்தையே நசுக்கிவிடும், அங்கே 4.5க்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்கோப் வளையங்களின் மேல்மூடித் திருகாணிகளுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதுமானது. அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவானது.

இறுக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ரைஃபிளின் பின்கட்டை தரையில் ஊன்றி, குழல் மேல்நோக்கி நிற்கும்படி நிறுத்தினால், ரிசீவர் தன் எடையாலேயே பின்னோக்கி அமர்ந்து, ரிசீவரின் அடியில் உதைப்பைத் தாங்கும் பல் கட்டையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முன் திருகாணியைப் பாதியளவும், பிறகு பின் திருகாணியைப் பாதியளவும் இறுக்கி, அதே வரிசையில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மரைகளில் எண்ணெய் இருந்தால், ரென்ச் காட்டும் அதே எண்ணில் உண்மையான பிடிப்பு கூடிவிடும் என்பதால் அவற்றைத் துடைத்து உலர்த்துவது அவசியம். அடித்தளத் திருகாணிகளுக்கு மட்டும் நடுத்தர வலிமையுள்ள நீலநிற மரைப்பசை ஒரு துளி போடலாம். சிவப்பு நிறப் பசையை இங்கே தொடவே வேண்டாம், பின்னர் சூடாக்காமல் கழற்ற முடியாது. புதிய அடித்தளம் போட்டதும் போல்ட் இழுபறியாக நகர்ந்தால், முன் திருகாணி நீளமாக இருந்து உள்ளே போல்ட்டைப் பூட்டும் பற்களை உரசுகிறது என்று பொருள்.

கட்டையும் படுகையும்

குழல் கட்டையில் எங்கும் படாமல் மிதக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்ற கொள்கை. ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து ரிசீவர் வரை இழுத்துப் பார்த்தால் எங்கே தடை உள்ளது என்று தெரிந்துவிடும். ரைஃபிளைத் தாங்கியின் மேல் வைத்து எடையைச் சாய்க்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் கட்டைகள் வளைந்து குழலைத் தொடுவதுண்டு. எனவே இந்தச் சோதனையைத் தாங்கி பொருத்திய நிலையிலும் செய்ய வேண்டும்.

புதிய கட்டை வாங்கும்போது ரிசீவரின் அடிப்பக்க அமைப்பு பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 ரைஃபிளின் அடியமைப்பைப் பிற தயாரிப்பாளர்கள் பலரும் பின்பற்றியதால், அதற்குக் கிடைக்கும் கட்டைகளும் சட்டகங்களும் ஏராளம். ஆனாலும் குறு ரிசீவர், நெடு ரிசீவர் என்ற வேறுபாடும், மேகசின் அமரும் இடத்தின் வெட்டும், போல்ட் பிடியின் பள்ளமும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட வேண்டியவை. கட்டையின் நீளம் முக்கியம், அதைவிடக் கன்னம் பதியும் உயரம் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறந்தால், ஸ்கோப்பின் காட்சி நிழலின்றி முழுவட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கன்னத்தாங்கியை உயர்த்த வேண்டும். இந்த ஒரு மாற்றம் தரும் பலனை ட்ரிகர் மாற்றம்கூடத் தருவதில்லை என்பது என் கருத்து.

அலுமினியச் சட்டகம் பெரும்பாலும் நேராகப் பொருத்தினாலே போதும். மரக்கட்டையிலும் நாரிழைக் கட்டையிலும் எபாக்சி என்ற இறுகும் பசையைக் கொண்டு ரிசீவருக்கு ஒரு படுகை அமைத்தால் ரிசீவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும். திருகாணித் துளைகளில் முதலில் உலோகத் தூண்களை ஒட்டிக்கொள்ள வேண்டும். உதைப்புப் பல்லின் முன்புறம், அடிப்புறம், இரு பக்கங்கள் ஆகியவற்றில் ஒட்டுநாடாவைச் சுற்றி, பின்முகத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். உதைப்பைத் தாங்குவது அந்த ஒரு முகம்தான். ட்ரிகர் துளை போன்ற குழிகளைக் களிமண்ணால் அடைத்து, எபாக்சி படக்கூடிய எல்லா உலோகப் பரப்புகளிலும் திருகாணிகளிலும் விடுவிப்புப் பூச்சை இருமுறை தடவ வேண்டும். இந்தப் பூச்சில் ஓர் இடம் விட்டுப்போனால் ரிசீவரும் கட்டையும் ஒரே பொருளாகிவிடும். பிரிக்க வேண்டுமானால் கட்டையை உடைக்க நேரலாம். எபாக்சி இட்ட பிறகு திருகாணிகளை முறுக்கி அழுத்தக் கூடாது. ரிசீவர் எந்த வளைவும் இல்லாமல் தானாக அமர்ந்த நிலையில் இறுகுவதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

ட்ரிகர்

தமிழில் இதை விசை என்றே சொல்லலாம். ஆனால் அழுத்தும் விசையைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால் ட்ரிகர் என்றே எழுதுகிறேன். வேட்டை ரைஃபிளுக்கு 1.1 முதல் 1.6 கிலோ வரையிலான இழுப்பு பொருத்தமானது. குளிரில் கையுறை அணிந்த விரலுக்கு அதைவிடக் குறைவானது ஆபத்து. இலக்குப் போட்டிக்கு இன்னும் குறைக்கலாம், ஆனால் அதற்கென்றே வடிவமைத்த முழு ட்ரிகர் தொகுதியை வாங்கிப் பொருத்துவதே முறை. பழைய ட்ரிகரின் பிடிப்பற்களை அரத்தால் தேய்த்து மெருகேற்றும் வேலையை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. அந்தப் பரப்பின் கடினப்படுத்திய அடுக்கு மிக மெல்லியது, அது தேய்ந்தால் ட்ரிகர் இன்றைக்குப் பிடித்து நாளைக்கு விட்டுவிடும். தொழிற்சாலையிலேயேகூட இது தவறலாம்: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரித்த ரெமிங்டன் 700, மாடல் செவன் ரைஃபிள்களில், ட்ரிகர் தொகுதிக்குள் பசை அதிகமாகப் போனதால் தானாகச் சுடும் அபாயம் இருப்பதாக அந்நிறுவனமே 2014இல் அவற்றைத் திரும்பப் பெற்றது.

புதிய ட்ரிகரைப் பொருத்தியபின், அறை காலி என்று மீண்டும் உறுதிசெய்துகொண்டு, போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பார்க்க வேண்டும். ரப்பர் சுத்தியலால் பின்கட்டையையும் பக்கங்களையும் தட்ட வேண்டும். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்த பிறகு சேஃப்டியை நீக்கிப் பார்க்க வேண்டும். இவற்றை இருபது முறையாவது திரும்பச் செய்யும்போது சுடும் ஊசி ஒரே ஒரு முறை விடுபட்டாலும் அந்த ட்ரிகர் துப்பாக்கித் தொழிலாளியிடம் போக வேண்டியதுதான்.

ஸ்கோப்

முன்வில்லை குழலையும், போல்ட் பிடி கண்வில்லையையும் தொடாத அளவுக்கு எவ்வளவு தாழ்வாகப் பொருத்த முடியுமோ அவ்வளவு தாழ்வு நல்லது. வளையத்தின் அளவு ஸ்கோப் குழாயின் 25.4, 30 அல்லது 34 மில்லிமீட்டருக்குச் சரியாக இருக்க வேண்டும். உருப்பெருக்கத்தை அதிகபட்சத்தில் வைத்துக் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் அது மிகக் குறைவாக இருக்கும்.

குறிசேர்ப்பதில் போல்ட் ஆக்ஷனுக்கு ஒரு தனி வசதி உண்டு. போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலின் வழியே 25 மீட்டரில் உள்ள கறுப்பு வட்டத்தை நடுவில் கொண்டுவந்து, ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோடுகளை அதே வட்டத்துக்குத் திருப்பினால், முதல் குண்டே தாளில் விழும். பிறகு 100 மீட்டருக்குப் போகலாம். அங்கே ஸ்கோப்பின் திருகியில் 0.1 மில்லிரேடியன் (இதுவும் ஒரு கோண அளவு) சொடுக்கு ஒன்று குண்டைச் சரியாக 1 சென்டிமீட்டர் நகர்த்தும். கால் கோண நிமிடச் சொடுக்கு சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒவ்வொரு குண்டுக்கும் திருகாமல், ஐந்து குண்டுகளின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருக வேண்டும்.

குழல், குழல்முனை

குழல் மாற்றுவது வேறு வகை வேலை. போல்ட்டின் முகத்துக்கும் அறையின் தோள்பகுதிக்கும் உள்ள இடைவெளி, 308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவுக்குக் குறைந்தபட்சம் 1.630 அங்குலம், அதற்கு மேல் அனுமதிக்கப்படும் விரிவு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான். இதை அளவிகளால் சரிபார்க்காமல் சுட்டால் தோட்டாவின் உறை கிழிந்து வாயு முகத்தை நோக்கிப் பாயக்கூடும். இதே காரணத்தால் ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் போடுவதும் கூடாது. குழல்முனையில் பொருத்தி உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் நன்றாக வேலை செய்யும், ஆனால் சத்தத்தைச் சுடுபவரின் பக்கமும் அருகில் நிற்பவரின் பக்கமும் திருப்பிவிடும். ரைஃபிள் வெடிப்பு செவியைக் கெடுக்கும் 140 டெசிபல் வரம்பை எப்படியும் தாண்டுவது. பிரேக் இருந்தால் காதடைப்பானும் காதுக்கவசமும் சேர்த்தே அணிய வேண்டும்.

கையாளும் முறை

போல்ட்டைப் பயந்து பயந்து இயக்குவது பழக்கக் கோளாறு. கன்னம் கட்டையைவிட்டு எழாமல், பிடியை மேலே தூக்கி, முட்டும் வரை பின்னே இழுத்து, அதே வேகத்தில் முன்னே தள்ளி மூட வேண்டும். பாதி வழியில் மனம் மாறக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உள்ளது. 1898இன் மௌசர் வடிவமைப்பில், மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் விளிம்பை நகம் போன்ற இழுப்பான் உடனே பற்றிக்கொள்ளும். போல்ட்டைப் பின்னே இழுத்தால் தோட்டாவும் கூடவே வரும். இன்றைய ரைஃபிள்கள் பலவற்றில் போல்ட் தோட்டாவைத் தள்ள மட்டுமே செய்யும். பிடியை மூடும் நேரத்தில்தான் இழுப்பான் விளிம்பைக் கவ்வும். அப்படிப்பட்ட ரைஃபிளில் தோட்டாவை அறைக்குள் தள்ளிவிட்டு, பிடியை மூடாமல் பின்னிழுத்தால் தோட்டா உள்ளேயே தங்கிவிடும். மீண்டும் முன்னே தள்ளினால் அடுத்த தோட்டாவின் முனை, உள்ளே தங்கிய தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள பற்றவைக்கும் பகுதி) மோதும். மேகசினையோ போல்ட்டையோ மாற்றியவர் போலித் தோட்டாக்களை வைத்து இந்த ஓட்டத்தைப் பலமுறை பழகிய பிறகே உண்மைத் தோட்டாவைத் தொட வேண்டும்.

ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்குத் திசையிலேயே ஒரு முழு நிமிடம் வைத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. மந்தமான சத்தமோ வழக்கத்துக்குக் குறைந்த உதைப்போ தெரிந்தால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றிக் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுவது குழலை வெடிக்கச் செய்யும்.

ஒரு முறையில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தொடக்கத்தில் செய்த அதே ஐந்து குண்டுத் தாள்களை, அதே தோட்டாவில், மீண்டும் சுட்டுப் பழைய தாள்களோடு அடுக்கி வைக்க வேண்டும். முதல் இருபது குண்டுகளுக்குப் பிறகு எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை ரென்ச்சால் சோதித்து, திருகாணியின் தலையிலிருந்து அடித்தளம் வரை வெள்ளை வண்ணத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டால், அடுத்த முறை ரைஃபிளை உறையிலிருந்து எடுக்கும்போது எது நகர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும்.