பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது காசைக் கரியாக்கும் தவறுகள்

மாமனார் காலமான பிறகு, கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த அவருடைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு புரட்டாசியில். முன்கட்டுக்கு ஓடு, கூடத்துக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் என்னும் மரச்சட்டத் தளம், நடுவில் முற்றம், பின்னால் கிணற்றடி. வீட்டுக்கு வயது தொண்ணூறுக்குக் குறையாது. கூடத்து மேற்குச் சுவரில் காரை பொரிந்து கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், வந்த வேகத்தில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, உயர்ந்த ரக எமல்ஷன் இரண்டு கோட் அடித்தோம். கூலியோடு 38,000 ரூபாய். தீபாவளிக்கு வீடு பளபளவென்று இருந்தது. கார்த்திகை மழையில் அதே சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வந்தது. ஒன்றைக் குத்திப் பார்த்தேன். தண்ணீர் வழிந்தது, கூடவே வெள்ளை வெளேரென்று உப்புத்தூள்.

அடுத்த தெருப் பெரிய கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுபது வயதிருக்கும். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மாடிக்கு ஏறினார். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஓர் அரசங்கன்று முளைத்து, குப்பை அடைத்து, தண்ணீர் பின்னுக்கு வாங்கிச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "பெயிண்டு வாங்குன காசுல இந்த ஒரு வாயைச் சரி பண்ணியிருந்தா மிச்சம் முப்பத்தஞ்சாயிரம் உன் கையில இருந்திருக்குமேம்மா" என்றார். அவருக்கு அன்றைக்குக் கொடுத்த கூலி போக, அதற்குப் பிறகு பார்த்த எல்லா வேலைக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எஸ்டிமேட்.

பெயிண்டில் ஆரம்பிப்பது

பழைய வீட்டு வேலையை மேலிருந்து கீழே செய்து வர வேண்டும். முதலில் கூரை, பிறகு மழைத்தண்ணீர் போகும் வழி, பிறகு ஒயரிங், பிறகு சுவர், தரை. பெயிண்ட் கடைசி. நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகத்தான் செய்கிறோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட்தான்.

முடிந்தால் ஓர் ஐப்பசி, கார்த்திகையை அந்த வீட்டில் ஒன்றும் செய்யாமல் கழியுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, கொல்லையில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டால் அதுதான் வேலைப் பட்டியல். தை பிறந்ததும் ஆளைக் கூப்பிடலாம். தை, மாசி, பங்குனிதான் காரை வேலைக்குத் தோதான காலம். அக்னி நட்சத்திர வெயிலில் பூசினால் ஈரம் சட்டென்று இழுத்துக்கொண்டு வெடிப்பு விடும்.

சுவரில் ஈரம் தெரிந்தால் அது உள்ளிருந்து வருகிறதா, அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று படிகிறதா என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் தாளின் மேல் படிந்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வைத்தியம்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு

அதிகமாகப் பணம் விரயமாவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்துச் சுவர், சூளைச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, மேலேயும் சுண்ணாம்புக் காரையே பூசியது. கல்லும் மெத்து, கலவையும் மெத்து. மழைக்குக் குடித்த ஈரத்தை வெயிலில் திருப்பி விட்டுவிடும். இதன்மேல் சிமெண்ட் பூசினால் கெட்டியான ஒரு தோல் போர்த்தியதுபோல் ஆகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் தோலைத் தாண்டி வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறுகிறது. இடுப்பளவு இருந்த ஓதம் தோளளவு வருவது இப்படித்தான். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பருத்து, இரண்டு மூன்று வருஷத்தில் பூச்சைத் தள்ளிவிடும். விழும்போது பூச்சு மட்டும் விழாது. செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அப்புறம் பழைய சுவரும் இல்லை, புதுப் பூச்சும் இல்லை.

"நல்ல கெட்டியா சிமெண்ட் போட்டுடுங்க" என்று நாமே சொல்வோம். மேஸ்திரிக்கும் அது சுலபம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். சுண்ணாம்பு அப்படி இல்லை. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, சலித்து, மணலோடு ஒன்றுக்கு மூன்று கலந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து அரைக்க வேண்டும். பூசிய பிறகும் மெல்லிசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெதுவாக வாங்கித்தான் அது இறுகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இது தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீடு முழுக்கத் தேவையில்லை. சுவரைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடத்தைத் தொடாதீர்கள். பொக்கென்று கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் பூசினால் போதும். எங்கள் கூடத்தில் அது மொத்தச் சுவரில் கால்வாசி கூட இல்லை.

உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது இன்னொரு தவறு. கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே பழைய பேப்பர் விரித்து, விழும் தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு அடிப்பது சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும். அதற்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கும்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எமல்ஷனை விட மலிவு.

மாடி

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லித் தளம் அடித்து, மேலே தள ஓடு பதித்தது. கம்பி கிடையாது. பாரத்தை எல்லாம் தாங்குவது மரம். இதை மறந்துவிட்டு அங்கே ஆயிரம் லிட்டர் டேங்க்கைத் தூக்கி வைக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். வைத்தே ஆக வேண்டுமென்றால், அடியிலிருந்து எழும் கனத்த சுவருக்கு நேர் மேலே பீடம் கட்டி வையுங்கள். அதைவிடக் கொல்லையில் தனியாக ஒரு மேடை கட்டிவிடுவது நல்லது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மாடியில் தண்ணீர் கட்டி வைப்பதும் கான்கிரீட் வீட்டுக்குப் பழகிய ஆட்கள் செய்வது. 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ. அதைத் தொண்ணூறு வயதுச் சட்டத்தின் மேல் ஏற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். நனைந்த கோணிச் சாக்கை ஒவ்வோர் இடமாகப் போட்டு, கீழே ஒருவர் நின்று பார்த்தால் போதும்.

ஈரம் காயாத தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃப் ரசாயனம் பூசுவதும் இதே கதை. மேலே மூடியாயிற்று, உள்ளே இருக்கும் ஈரம் மரத்துக்குப் போகிறது. சட்டம் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். வருஷத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு, அந்த முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் உடனே ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான், தள்ளிப்போடக் கூடாது.

அரசங்கன்றை மேலோடு கிள்ளி எறிந்தால் அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். அது முளைத்த சந்தைத் திறந்து, வேரோடு எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் கலவையால் கெட்டிக்க வேண்டும்.

ஓடு

எங்கள் ஊரில் ஓட்டுக்கு முதல் எதிரி குரங்கு, இரண்டாவது தேங்காய். உடைந்ததை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டுக்கூரை நம்மைவிட அதிக நாள் இருக்கும். இதில் செய்யக்கூடாதது, ஓடு நகராமல் இருக்கட்டும் என்று சிமெண்ட் வைத்து ஒட்டுவது. பிறகு ஒரு ஓட்டை எடுக்க நாலு ஓட்டை உடைக்க வேண்டும்.

சீமை ஓடு வாங்கும்போது எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் காடி வேறு, நீளம் ஒரு விரல்கடை வித்தியாசப்படும். ஒன்றோடு ஒன்று கவ்வாது, அந்தச் சந்தில் மழை வரும். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரை இருக்கும். வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இடிக்கிற வீடுகளில் அதே முத்திரையைத் தேடி வாங்கிக் கொல்லையில் ஒரு நூறு அடுக்கி வையுங்கள். நான் பஸ்ஸில் மடியில் ஓட்டை வைத்துக்கொண்டு மாயவரம் வரை போய் வந்திருக்கிறேன். கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை.

தரையும் முற்றமும்

சிவப்புக் காவித் தரையையோ ஆத்தங்குடிக் கல்லையோ பளபளப்பாக்க ஆசிட் ஊற்றுவதைவிடப் பெரிய பாவம் இல்லை. இரண்டுமே சிமெண்ட்டால் ஆனவை. ஆசிட் மேல்தோலைத் தின்றுவிடும், பிறகு எந்தப் பாலிஷும் ஏறாது. வெறும் தண்ணீரில் துடைத்து, மாதம் ஒரு தடவை துணியில் துளித்துளியாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.

தரையில் விரிசல் இருக்கிறதென்று மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை ஓர் அங்குலம் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும், முற்றத்து வாட்டம் கெடும், தரை வழியாக வந்துகொண்டிருந்த ஈரம் சுவருக்குத் திரும்பும். ஏற்கெனவே தெருவில் தார் மேல் தார் போட்டு எங்கள் திண்ணைப் படியில் இரண்டு புதைந்து கிடக்கிறது. உள்ளே நாமும் உயர்த்திக்கொண்டே போனால் தலைதான் உத்திரத்தில் இடிக்கும்.

முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டு, "வீடு புழுங்குது" என்று ஏசி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான காற்று மேலே போக இருந்த ஒரே வழி அதுதான். திருட்டுக்கும் குரங்குக்கும் பயமென்றால் கம்பி கிரில் போடுங்கள். மழைக்கு மூடியே தீர வேண்டுமென்றால் ஷீட்டைச் சுற்றிலும் ஓரடி தூக்கி, காற்றுப் போக இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கதவு

மழைக்காலத்தில் தேக்குக் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னால் சித்திரையில் விரல் நுழையும் சந்து விடும். அதுவரை இடிக்கும் ஓரத்தில் மெழுகுவத்தியையோ சோப்பையோ தேய்த்து ஓட்டுங்கள். பங்குனியிலும் இடித்தால்தான் இழைப்புளி.

பழைய நிலை, தூண், கதவு எல்லாவற்றுக்கும் "மொத்தமா ஒரு ரேட்" சொல்லி ஒருவர் வருவார். விற்ற காசில் அந்த அளவுக்குப் புதுத் தேக்கு வாங்க முடியுமா என்று மரக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

எல்லாவற்றிலும் பிடித்துப் பிடித்துச் செலவழிக்கும் நான் கணக்குப் பார்க்காதது ஒயரிங்கில் மட்டும். மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயரின் உறை கையில் தொட்டால் பொடியாக உதிரும். எர்த் இருக்காது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவிடுவார்கள். ஃபியூஸ் போகாதுதான், அதற்குப் பதில் ஒயர் எரியும், பக்கத்திலேயே மர உத்திரம். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, எர்த் பதித்து, மின்கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். இதைப் பூச்சு வேலைக்கு முன்னால் செய்ய வேண்டும். பூசி வெள்ளையடித்த பிறகு சுவரை வெட்டுகிற வீடுகள்தான் ஊரில் அதிகம்.

தண்ணீரில் போகும் காசுக்கு ஒரு சின்ன சோதனை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க். அதில் சொட்டு நீலம் நாலு துளி விட்டு அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகாமல் இருந்தால், கோப்பையில் நீலம் தெரிகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் தெரிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷரை மாற்ற முப்பது ரூபாய். அதற்கு முன் ஆறு மாதமாக நாளுக்கு இரண்டு தடவை மோட்டார் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆளுக்குப் பேசும்போது பழைய வீட்டு வேலையை மொத்தக் காண்ட்ராக்டில் விடாதீர்கள். கொத்திப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததற்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். கூரை ஒரு கட்டம், சுவர் ஒரு கட்டம் என்று பிரித்து, முதல் இரண்டு நாளை நாள் கூலிக்கு வைத்துக்கொண்டு, வேலையின் அளவு தெரிந்த பிறகு பேசலாம்.

மேற்குச் சுவரின் எமல்ஷன் முழுவதையும் சுரண்டி எடுத்தோம், அதற்கும் நாலு ஆள் கூலி. தூம்புவாயைச் சரிசெய்து, காரை பூசி, போன தையில் முடிந்தது. பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்ததில் இரண்டு நாளும் காய்ந்தே இருந்தது. இருந்தாலும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "ஏன் இந்த ஒரு சுவரை மட்டும் விட்டுட்டீங்க" என்று கேட்கிறார்கள். இந்த ஐப்பசி போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.