பகிர்ந்த ஆவணம் என்று வரும் போலி மெயில்: திறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

'உங்களுடன் ஓர் ஆவணம் பகிரப்பட்டுள்ளது' என்று ஒரு மெயில். அனுப்பியவர் தெரிந்தவர்தான். நடுவில் நீலப் பொத்தான். வேலை நாளில் இதுபோல நாலைந்து நிஜமாகவே வருவதால், யோசிப்பதற்குள் கை அழுத்திவிடுகிறது. மோசடிக்காரர் நம்பியிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

படி 1: பொத்தானைத் தொடாதீர்கள்

பிரவுசரில் புதிய டேப் திறந்து, கூகுள் டிரைவுக்கு நீங்களாகவே போங்கள். அங்கே 'ஷேர்டு வித் மீ' பகுதியில் அந்த ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சந்தேகப்படலாம். வேறு கணக்கில் நுழைந்திருந்தாலோ, வெறும் லிங்க்காக அனுப்பியிருந்தாலோ நிஜ ஆவணமும் அங்கே தெரியாமல் போகலாம். அப்போது அனுப்பியவருக்கு போன் செய்து கேளுங்கள். அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்காதீர்கள். அவருடைய கணக்கே திருடன் கையில் இருந்தால், 'ஆமாம், நான்தான் அனுப்பினேன்' என்று திருடனே பதில் எழுதுவான்.

படி 2: முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

கணினியில் பொத்தான் மேல் மவுஸை வைத்தால், அழுத்தாமலே முகவரி கீழே தெரியும். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் காட்டும். இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

டாக்ஸ்.கூகுள்.காம்.பார்வை.நெட்/உள்நுழை

முன்னாலிருந்து படித்தால் கூகுள் மாதிரியே இருக்கிறது. தொடக்கத்தில் 'https://' இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் உள்ள கடைசி இரண்டு துண்டுகளை ('.கோ.இன்' போல முடிந்தால் மூன்று) மட்டும் பாருங்கள்: 'பார்வை.நெட்'. தளத்தின் சொந்தக்காரர் அவர்தான். அதற்கு இடப்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது சாட்சி. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

படி 3: திரும்பவும் கடவுச்சொல் கேட்டால்

அதே பிரவுசரில் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும்போது ஒரு ஆவணம் புதிதாகக் கடவுச்சொல் கேட்டால், நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் என்று சின்னங்களை வரிசையாக அடுக்கி 'உங்கள் மெயிலைத் தேர்ந்தெடுக்கவும்' என்றால் யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள். கூகுள் ஆவணத்தைக் காட்ட யாஹூ கடவுச்சொல் எதற்கு?

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருந்தால் அது நல்ல காவலாளி. நம் கண்ணை ஏமாற்றும் போலிப் பக்கத்தில் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ உள்ளே நுழைய உதவும் பாஸ்கீயும் அப்படித்தான், உருவாக்கிய தளத்தில் மட்டுமே வேலை செய்யும். ஓடிபி அவ்வளவு பலமில்லை. நீங்கள் போலிப் பக்கத்தில் தட்டிய எண்ணை மறுநொடியே நிஜத் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள்.

படி 4: 'அலோ' (அனுமதி) பொத்தானை அழுத்தும் முன்

எனக்கு மிகவும் பயமான இடம் இதுதான். 2017 மே 3 அன்று பரவிய மெயிலில் போலி முகவரியும் இல்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கூகுளின் நிஜமான அனுமதிப் பக்கமே வந்தது. ஆனால் அனுமதி கேட்ட செயலியை யாரோ ஒருவர் உருவாக்கி, அதற்கு 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் சூட்டியிருந்தார். மெயில்களைப் படிக்க, அனுப்ப, அழிக்க, தொடர்புப் பட்டியலைக் கையாள அனுமதி கேட்டது. கொடுத்தவுடன் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்றாலும், ஜிமெயில் அளவுக்கு அது பெரிய கூட்டம்தான்.

படி 1-ஐ விட்டுவிட்டால், 2, 3 இரண்டையும் தாண்டி வரக்கூடியது இது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்கும் அனுமதிகளை வரிவரியாகப் படியுங்கள். ஆவணம் ஒன்றைப் படிக்க உங்கள் மெயில்பெட்டியின் சாவி எதற்கு?

படி 5: ஆவணம் நிஜம், உள்ளே இருப்பது பொய்

சில சமயம் ஆவணம் உண்மையிலேயே டிரைவில் இருக்கும், மெயிலும் கூகுளிடமிருந்தே வந்திருக்கும். திறந்தால் 'முழு ஆவணத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும்' என்ற ஒற்றை வரி. வேறிடத்துக்கு அனுப்புவதற்கென்றே இருக்கும் ஆவணம் அது. அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா?

சரி, பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதையே வேறெங்கும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம் கூகுள் கணக்கு அமைப்பில், உங்கள் கணக்கை அணுகும் செயலிகளின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்குங்கள். கடைசியாக மெயில் அமைப்பில் ஃபார்வர்டிங்கையும் ஃபில்டர்களையும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி திருடன் ஒரு விதியை அங்கே போட்டுவைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்.